உயிர்பெறும் பொம்மைகளும் கதைகளின் இருட்டும்: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இந்தக் கேள்விகள் எங்கிருந்து வந்தன?

மொரிஷியஸ் தீவின் ரோஸ் ஹில்லில் நடக்கும் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் பிள்ளைகளுக்குக் கதை சொல்கிறேன். இந்த ஆண்டு உயிர்பெறும் பொம்மைகளின் கதைகளை எடுத்துக்கொண்டோம். வகுப்பில் கேட்டதைப் பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொல்ல, அடுத்த வாரம் அம்மாவோ தாத்தாவோ என்னைத் தேடி வந்துவிடுகிறார்கள். அவர்கள் கேட்டவையும் நான் சொன்னவையும் இங்கே இருக்கின்றன. வாசலில் நின்றபடி சொன்னதைவிடக் கொஞ்சம் விரிவாக எழுதியிருக்கிறேன்.

பொம்மைக் கதை என்றால் இனிமையாக இருக்கும் என்று நினைத்தோம். எங்கள் மகளோ, "சிப்பாயை அடுப்பில் போட்டுவிட்டார்கள்" என்று சொல்லிக்கொண்டு வருகிறாள். இதில் ஏன் இத்தனை இருட்டு?

அவள் சொன்னது டென்மார்க்கின் ஆண்டர்சன் 1838இல் எழுதிய தகரச் சிப்பாயின் கதை. பழைய தகரக் கரண்டி ஒன்றை உருக்கி 25 சிப்பாய்களை வார்க்கிறார்கள். கடைசிச் சிப்பாய்க்குத் தகரம் போதவில்லை, அவனுக்கு ஒற்றைக்கால். எதிரே நிற்கும் காகித நடனக்காரியை அவன் பார்த்துக்கொண்டே இருக்கிறான். ஜன்னலிலிருந்து விழுகிறான், காகிதப் படகில் சாக்கடைக்குள் போகிறான், மீன் வயிற்றுக்குள் போகிறான், அதிசயமாக அதே வீட்டுக்குத் திரும்புகிறான். திரும்பியவனை ஒரு சிறுவன் எந்தக் காரணமும் இல்லாமல் அடுப்பில் எறிகிறான். காற்றடித்து நடனக்காரியும் அதே நெருப்பில் விழுகிறாள். மறுநாள் சாம்பலில் இதய வடிவத்தில் ஒரு தகரத் துண்டு கிடைக்கிறது.

இது தனித்த கதையன்று, அந்த வகைக்கே உள்ள இயல்பு. ஹாஃப்மன் 1816இல் எழுதிய பாக்குவெட்டிப் பொம்மையின் கதையில் ஏழு தலை எலியரசன் இரவில் வந்து, இனிப்பைத் தராவிட்டால் பொம்மையைக் கடித்துக் குதறிவிடுவேன் என்று சிறுமியை மிரட்டுகிறான். 1922இல் வெளிவந்த வெல்வெட் முயலின் கதையில், காய்ச்சல் கண்ட சிறுவன் கட்டிக்கொண்டு படுத்திருந்த முயலை, நோய் ஒட்டியிருக்கும் என்று எரிக்கச் சொல்கிறார் மருத்துவர். 1967இல் ரஸ்ஸல் ஹோபன் எழுதிய கதையில், கைகோத்து நிற்கும் அப்பா எலியும் பிள்ளை எலியும் சாவி கொடுத்தால்தான் அசைய முடியும். குப்பைமேட்டில் ஒரு பெருச்சாளி, உடைந்த பொம்மைகளை அடிமைகளாக வைத்து வேலை வாங்குகிறது. இதை நான் வளர்ந்த பிறகுதான் படித்தேன். பெரியவர்களுக்கான நாவல் பலவற்றில் இல்லாத கனம் அதில் இருக்கிறது.

இருட்டு எங்கிருந்து வருகிறது என்றால், பொம்மையின் உயிர் இரவல் உயிர் என்பதிலிருந்து வருகிறது. அது பிறக்கவில்லை. ஒரு குழந்தை நேசிப்பதால்தான் உயிரோடு இருக்கிறது. நேசிப்பு நின்றால் உயிரும் நிற்கும். "மரக்கட்டை பேசுகிறதே!" என்ற வியப்பும், "ஒருநாள் பேசாமல் போய்விடுமோ" என்ற அச்சமும் ஒரே வேரில் முளைத்தவை. இரண்டாவதைக் கிள்ளி எறிந்தால் முதலாவதும் வாடிவிடும். பொம்மைக்கு எந்த ஆபத்தும் வராத கதைகளை எத்தனையோ படித்துப் பார்த்திருக்கிறேன். அவற்றில் பொம்மை பேசும், ஆனால் அதற்கு உயிர் இருப்பதாகத் தோன்றாது.

சோகமான கதை எத்தனையோ இருக்கிறதே. பொம்மையின் சோகத்தில் அப்படி என்ன தனித்தன்மை?

அரக்கன் வரும் கதை, சூனியக்காரி வரும் கதை, சித்தி கொடுமை செய்யும் கதை எல்லாவற்றிலும் குழந்தைதான் சின்னது. பெரிய உருவம் வேறு யாருக்கோ. பொம்மைக் கதையில் மட்டும் இது தலைகீழ். அங்கே குழந்தைதான் பெரிய ஆள். அவள் தூக்கினால் பொம்மை எழும், மறந்தால் கட்டிலுக்கடியில் தூசியில் கிடக்கும்.

ரூமர் காடன் 1947இல் எழுதிய பொம்மை வீட்டுக் கதையில் இதற்கு ஒரு விதியே உண்டு. பொம்மைகள் எதையும் தாங்களாகச் செய்ய முடியாது, மனத்துக்குள் ஆசைப்பட மட்டுமே முடியும். யார் எந்த அறையில் இருப்பது, எந்தப் புதுப் பொம்மை வீட்டுக்குள் வருவது எல்லாம் இரண்டு சிறுமிகள் கையில். அவர்கள் கெட்டவர்கள் அல்லர். கவனக் குறைவும், அழகான புதுப்பொருள் மீது ஆசையும் கொண்ட சாதாரணப் பிள்ளைகள். அந்தக் கவனக் குறைவில் பொம்மைக் குடும்பத்தின் அம்மா, செல்லுலாய்டில் செய்யப்பட்டவள், விளக்குச் சுடரில் ஒரு நொடியில் எரிந்து போகிறாள். சின்னப் பிள்ளையைக் காப்பாற்றப் போய் எரிகிறாள்.

தன்னைவிட வலிமையில்லாத ஒன்றை நாம் என்ன செய்கிறோம் என்ற கேள்வி ஏழு வயதுப் பிள்ளைக்கு வேறு எங்கே கிடைக்கும்? அவளை எல்லோரும் மேலிருந்து பார்க்கிறார்கள். இந்தக் கதைகளில்தான் அவள் முதன்முறையாகக் கீழே பார்க்கிறாள். இவற்றை நான் விடாமல் சொல்லிக்கொண்டிருப்பதற்கு முதல் காரணமே இதுதான்.

2024 ஜனவரியில் பெலால் புயலின் வெள்ளம் போர்ட் லூயிஸில் புகுந்த பிறகு, நனைந்த பொம்மைகளைப் பல வீடுகளில் தூக்கி எறிய வேண்டியிருந்தது. வகுப்பில் ஒரு பையன், "கரடி எங்கே போயிருக்கும்?" என்று என்னிடம் கேட்டான். வெல்வெட் முயலின் கதையை அவனுக்காகத்தான் முதலில் எடுத்தேன். அவன் அதைக் கேட்ட விதத்தில் துக்கத்தைவிட அக்கறைதான் அதிகம் தெரிந்தது. முயல் சாக்குமூட்டைக்குள் கிடக்கும் இடத்தில், "குளிருமா?" என்றான்.

இரவில் பயந்துகொள்ள மாட்டார்களா?

சிலர் பயப்படுவார்கள். ஆனால் நாம் எதைக் கண்டு பயப்படுகிறோமோ அதைக் கண்டு அவர்கள் பயப்படுவதில்லை. சிக்மண்ட் ஃப்ராய்ட் 1919இல் எழுதிய கட்டுரை ஒன்றில், பழகிய பொருளே திடீரென்று அச்சமூட்டுவது ஏன் என்று ஆராய்கிறார். உயிருள்ள பெண்ணென்று நம்பி ஒருவன் காதலிக்கும் இயந்திரப் பொம்மை பற்றிய ஹாஃப்மன் கதைதான் அவருக்கு எடுத்துக்காட்டு. அங்கே அவர் ஒன்றைக் குறிப்பிடுகிறார்: பொம்மை உயிர்பெறுவதை எண்ணிப் பிள்ளைகள் அஞ்சுவதில்லை, அப்படி நடக்க வேண்டும் என்று ஆசைகூடப் படுகிறார்கள். அச்சம் பெரியவர்களுடையது. என் அனுபவமும் அதையே சொல்கிறது. பாக்குவெட்டிப் பொம்மை எழுந்து நிற்கும்போது பிள்ளைகள் கைதட்டுகிறார்கள், பின்னால் நிற்கும் அம்மாக்கள்தான் முகம் சுளிக்கிறார்கள்.

கவனிக்க வேண்டிய விதிவிலக்கு ஒன்று உண்டு. மனிதரைப் போலவே செய்யப்பட்டு, ஏதோ ஒன்று மட்டும் குறையும் உருவங்கள் மனத்தை உறுத்தும். ஜப்பானியப் பொறியியலாளர் மோரி மாசாஹிரோ 1970இலேயே ரோபோக்களை வைத்து இதை விளக்கினார். துணிக்கரடியால் தூக்கம் கெடாது. கண்ணாடிக் கண்களும் உண்மையான தலைமுடியும் கொண்ட பீங்கான் பொம்மை கெடுக்கலாம். அப்படி ஒன்று உங்கள் வீட்டில் இருந்தால், கதை சொல்லும் இரவில் அதை வேறு அறையில் வைத்துவிடுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இன்று பெற்றோராக இருக்கும் பலருக்கு 1994 நினைவிருக்கும். ஹோலாண்டா புயலுக்குப் பிறகு மின்சாரம் இல்லாத இரவுகளில் 'துனி மின்வி' (கிரியோலில் 'நள்ளிரவு நிர்வாணன்') கூரைமீது திரிகிறான் என்று தீவு முழுவதும் வதந்தி பரவியது. பெரியவர்கள் தடியோடு காவல் காத்தார்கள், பிள்ளைகள் போர்வைக்குள் விழித்திருந்தார்கள். அந்தப் பயம் அத்தனை நாள் நீடித்ததற்குக் காரணம், வதந்திக்கு முடிவு கிடையாது. கதைக்கு முடிவு உண்டு, சொல்பவரும் பக்கத்தில் இருக்கிறார். இருட்டைப் பிள்ளை சந்திக்கத்தான் போகிறது. அதைக் கதையில் உங்கள் மடியில் உட்கார்ந்து சந்திக்கட்டும் என்கிறேன்.

முடிவை மாற்றிச் சொல்லலாமா?

வேண்டாம் என்பதுதான் என் பதில். ஆனால் வரலாறு முழுக்க என் பக்கம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பினோக்கியோ 1881இல் இத்தாலியில் ஒரு சிறுவர் இதழில் தொடராக வந்தது. மரப்பையனைத் திருடர்கள் ஓக் மரத்தில் தூக்கிலிட்டதோடு கொலோடி கதையை முடித்துவிட்டார். வாசகர்கள் விடவில்லை. 1882இல் நீலமுடித் தேவதை அவனை மீட்பதாகத் தொடர்ந்து எழுதினார், 1883இல் முடிந்து நூலானது. பிள்ளைகள் கேட்டதால் கிடைத்த இரண்டாம் பாதி அது. அந்தப் பாதி இல்லாவிட்டால் இன்று நமக்கு அந்தக் கதையே கிடைத்திருக்காது.

இதைக் கூர்ந்து பாருங்கள். கொலோடி தூக்கு மரத்தை அழிக்கவில்லை. அது கதையில் அப்படியே இருக்கிறது, கதை அதைக் கடந்து போகிறது. நீங்களும் அப்படிச் செய்யலாம். சிப்பாய் எரிந்ததை எரியவில்லை என்று சொல்லாதீர்கள். "பிறகு என்ன ஆயிற்று?" என்று பிள்ளை கேட்டால், அந்தப் பிறகை அவளையே சொல்லவிடுங்கள். எங்கள் வகுப்பில் அந்தத் தகர இதயத்தை மறுபடியும் உருக்கிக் கரண்டியாக்கினார்கள், தாலி ஆக்கினார்கள், லகூன் அடியில் புதைத்துப் பவளம் மூடவிட்டார்கள்.

பொம்மை எரியும் இடத்தில் என் மகன் சிரித்தான். இரக்கமில்லாத பிள்ளையா?

இல்லை. பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர்களுக்குச் சீமாட்டி செகூர் 1858இல் எழுதிய சோஃபியின் கதை தெரிந்திருக்கும். பாரிஸிலிருந்து வந்த மெழுகுப் பொம்மையைச் சோஃபி வெயிலில் வைக்கிறாள், கண்கள் உள்ளே விழுந்துவிடுகின்றன. குளிப்பாட்டினால் நிறம் போகிறது, முடியைச் சுருட்டப் போனால் கருகுகிறது, வெந்நீரில் கால் உருகுகிறது. கடைசியில் பிள்ளைகள் கூடி அதற்கு இறுதிச் சடங்கு செய்கிறார்கள், அதுவும் கொண்டாட்டமாக! அந்த எழுத்தாளருக்குப் பிள்ளைகளை நன்றாகத் தெரியும். சிரிப்பு அவர்களுக்கு ஒரு கைப்பிடி, அதைப் பிடித்துக்கொண்டுதான் எட்டிப் பார்க்கிறார்கள்.

பொம்மை வாங்கிக் கொடுத்தால் உடனே பிரித்து உள்ளே என்ன என்று பார்க்கிறான். இதற்கும் கதைக்கும் தொடர்பு உண்டா?

உண்டு, அதில் நம் தீவுக்கும் ஒரு சிறு பங்கு இருக்கிறது. 1841இல் இருபது வயதில் கப்பலேறி வந்து, போர்ட் லூயிஸில் இறங்கி, பாம்ப்ளமூஸில் ஒரு குடும்பத்தின் விருந்தினராக இருந்துபோன பிரெஞ்சுக் கவிஞர் போதலேர், 1853இல் பொம்மைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பொம்மையின் ஆன்மாவைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை உண்டு என்கிறார். குலுக்குவார்கள், சுவரில் அடிப்பார்கள், கடைசியில் உடைத்துத் திறப்பார்கள். உள்ளே ஆன்மா இல்லை. அந்த இடத்தில்தான் துயரம் தொடங்குகிறது என்கிறார்.

உங்கள் மகன் தேடுவது இயந்திரத்தை மட்டும் என்று நினைக்காதீர்கள். அவன் உடைத்த பொம்மையைத் திட்டாமல் எடுத்துவைத்து, மறுநாள் பினோக்கியோவைச் சொல்லுங்கள். தச்சன் கோடரியால் வெட்டும்போது கட்டை கத்தும் முதல் காட்சி அவனுக்கு மற்றப் பிள்ளைகளைவிட நன்றாகப் புரியும்.

தமிழில் இத்தகைய கதைகள் உண்டா? எல்லாம் வெள்ளைக்காரர் கதைகளாக இருக்கின்றனவே.

இந்தக் கேள்விக்காகக் காத்திருந்தேன்.

ஐங்குறுநூற்றின் நெய்தல் பாட்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 124ஆம் பாடல், பாடியவர் அம்மூவனார். கடற்கரையில் ஒரு பெண் மணலால் பாவை செய்து விளையாடுகிறாள். அலை வந்து பாவையைக் கொண்டுபோய்விடுகிறது. அவள் என்ன செய்கிறாள்? நுண்மணலை அள்ளி அள்ளி எறிந்து கடலையே தூர்க்கப் பார்க்கிறாள்! பொம்மை இழந்த கோபத்தை இத்தனை சின்ன இடத்தில் இவ்வளவு பெரிதாகச் சொன்ன வேறொன்றை நான் படித்ததில்லை. ஃபிளிக் ஆன் ஃபிளாக் கடற்கரையில் மணல் வீடு கட்டும் எந்தப் பிள்ளைக்கும் இதை உரைநூல் இல்லாமலே சொல்லலாம்.

அடுத்து கொல்லிப்பாவை. காற்று மோதினாலும் இடி விழுந்தாலும் நிலம் நடுங்கினாலும் அழகு கெடாமல் நிற்கும் பாவை என்று நற்றிணை 201 பாடுகிறது. சிரித்து மயக்கித் தீயவரைக் கொல்லும் பாவை என்ற கதையும் அதைச் சுற்றி வளர்ந்தது. அழகும் ஆபத்தும் ஒரே முகத்தில். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் இதைக் கேட்டுவிட்டுத் திரும்பத் திரும்பக் கேட்பார்கள்.

விக்கிரமாதித்தன் சிம்மாசனத்தின் 32 பதுமைகளை மறந்துவிடுகிறோம். போஜராஜன் படியில் கால் வைக்கும்போதெல்லாம் ஒரு பதுமை வாய் திறந்து, "நில், நீ அவருக்கு ஈடானவனா?" என்று கேட்டுக் கதை சொல்கிறது. சிலைகள் அரசனை நிறுத்தி வைக்கின்றன! காடன் கதையின் பொம்மைகளால் செய்ய முடியாததை நம் பதுமைகள் செய்கின்றன. இரண்டையும் அடுத்தடுத்த வாரங்களில் சொல்லிப் பாருங்கள்.

மரப்பாச்சியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். செம்மரத்தில் கடைந்த ஆண், பெண் இணை. தமிழ்நாட்டில் நவராத்திரிக் கொலுவில் அதற்குப் பட்டு உடுத்தி நகை போட்டு வைப்பார்கள். விஜயதசமி இரவில் கொலுப் பொம்மைகளில் ஒன்றையாவது படுக்கவைத்து உறங்கச் செய்வது வழக்கம். அதில் யாரும் விந்தை காண்பதில்லை. பொம்மைக்கும் களைப்பு உண்டு என்று ஒரு வீடே ஒத்துக்கொள்கிறது. உலகத்தின் பொம்மைக் கதைகளெல்லாம் இங்கிருந்துதான் புறப்படுகின்றன என்று எனக்குத் தோன்றும்.

"பொம்மைக்கு நிஜமாகவே உயிர் இருக்கிறதா?" என்று கேட்கிறாள். என்ன சொல்வது?

இருக்கிறது என்றும் சொல்ல வேண்டாம், இல்லை என்றும் சொல்ல வேண்டாம். டொனால்ட் வினிகாட் என்ற பிரித்தானியக் குழந்தை மருத்துவர், பிள்ளைகள் விடாமல் பிடித்துக்கொள்ளும் போர்வை, கரடிப்பொம்மை போன்றவற்றைப் பற்றி 1950களின் தொடக்கத்தில் எழுதினார். இது நீயே உண்டாக்கியதா, வெளியிலிருந்து வந்ததா என்று பிள்ளையிடம் கேட்கக் கூடாது என்பது அவர் சொன்ன முக்கியமான விஷயம். அந்தக் கேள்வியை எழுப்பாமல் இருப்பது பெற்றோர் காக்க வேண்டிய ஒப்பந்தம். அந்தப் பொருள் பிள்ளையின் அன்பையும் கோபத்தையும் ஒருசேரத் தாங்க வேண்டும் என்றும் சொல்கிறார். துவைக்காதீர்கள் என்று பிள்ளை அழுவதற்கும் அவரிடம் விளக்கம் உண்டு: மணம் போனால் தொடர்ச்சி போய்விடும்.

"நீ என்ன நினைக்கிறாய்?" என்று திருப்பிக் கேளுங்கள். போதும்.

அப்படியானால் கோயிலில் இருப்பதும் பொம்மையா என்று கேட்டுவிட்டான். சங்கடமாகப் போய்விட்டது.

சங்கடப்பட ஒன்றுமில்லை, நல்ல கேள்வி. சாமியைத் துயில் எழுப்புவதையும் ஊஞ்சலில் ஆட்டுவதையும் அவன் பார்த்திருக்கிறான், அதனால் கேட்கிறான். வீட்டுப் பொம்மைக்கு ஒரு பிள்ளை உயிர் தருகிறது, அது அந்தப் பிள்ளையின் விளையாட்டு. கோயிலில் ஊர் கூடி, மந்திரம் சொல்லி, இறைவனை வந்து அமரும்படி அழைக்கிறோம், அது வழிபாடு. இவ்வளவு சொன்னால் என் வகுப்புப் பிள்ளைகளுக்குப் போதுமானதாக இருக்கிறது. இதற்கு மேல் கேட்டால் குருக்களிடம் அழைத்துப் போங்கள். அவருக்கும் இந்தக் கேள்வி பிடிக்கும்.

சினிமாவாகப் பார்த்தால் போதாதா?

பார்க்கட்டும். 'டாய் ஸ்டோரி' வரிசையின் மூன்றாம் படத்தில், 2010இல் வந்தது, பொம்மைகள் எரியுலையை நோக்கிச் சரியும்போது ஒன்றன் கையை ஒன்று பிடித்துக்கொள்ளும் காட்சி ஆண்டர்சன் கதைக்கு உறவு போலவே இருக்கிறது. ஆனால் திரையை நடுவில் நிறுத்திக் கேள்வி கேட்பது கடினம். கதை சொல்பவர் பிள்ளையின் முகத்தைப் பார்த்து வேகத்தைக் குறைப்பார். திரைக்கு அது தெரியாது.

வீட்டில் கிரியோல்தான் பேசுகிறோம். எந்த மொழியில் சொல்வது?

தமிழில் சொல்லுங்கள், தடுக்கும் இடத்தில் கிரியோல் வரட்டும். கிரியோல் விடுகதை வழக்கப்படி நான் 'சிராந்தான்' என்று கூப்பிட்டு, அவர்கள் 'சாம்பெக்' என்று பதில் கூவியதும் ஒரு விடுகதை போட்டுவிட்டுத்தான் தொடங்குவேன். அதன் பிறகு கதை முழுக்கத் தமிழ். பொம்மைக் கதையில் நல்ல வசதி ஒன்று இருக்கிறது: பொம்மை கையில் இருப்பதால் பாதிச் சொற்களுக்கு விளக்கமே தேவையில்லை.

எந்த வயதில், எதிலிருந்து தொடங்குவது?

ஐந்து வயதில் மணல் பாவையும் கடலும். ஆறு, ஏழு வயதில் வெல்வெட் முயல். அதில் இருட்டு வந்தாலும் கடைசியில் முயல் மெய்யான முயலாகிக் காட்டுக்குள் ஓடிவிடுகிறது. எட்டு வயதில் பினோக்கியோ, சுருக்கப்பட்ட பதிப்பாக இல்லாமல் முழுமையானது. பேசும் வெட்டுக்கிளியைப் பினோக்கியோ சுத்தியலால் அடித்துக் கொன்றுவிடும் இடத்தைத் தாண்டிப் போகாதீர்கள், பிற்பாடு அவன் மனம் மாறுவதற்கு அது வேண்டும். ஒன்பதுக்கு மேல் தகரச் சிப்பாயும் காடனின் பொம்மை வீடும். ஹோபனின் எலிகளைப் பன்னிரண்டு வயதுக்கு வைத்துக்கொள்ளலாம், நீங்களும் கூடவே படிப்பதாக இருந்தால். வீட்டில் அண்மையில் யாராவது இறந்திருந்தால் தகரச் சிப்பாயைக் கொஞ்ச காலம் தள்ளிப் போடுங்கள்.

என் மகள் தானே பொம்மைக் கதை எழுதத் தொடங்கிவிட்டாள். அதில் எல்லாப் பொம்மைகளும் செத்துப் போகின்றன. கவலைப்பட வேண்டுமா?

அவள் சாப்பிட்டு, விளையாடி, நன்றாகத் தூங்குகிறாள் என்றால் கவலை வேண்டாம். தூக்கம் கெட்டு, விளையாட்டும் நின்றிருந்தால் அது வேறு, அப்போது மருத்துவரைப் பாருங்கள். மற்றபடி, எழுதியதைத் திருத்தாமல் படியுங்கள். எழுத்துப் பிழையையும் விட்டுவிடுங்கள். யார் முதலில் சாகிறார்கள், யார் அழுகிறார்கள், புதைக்கும்போது யார் பேசுகிறார்கள் என்று கேளுங்கள், அவளிடம் பதில் இருக்கும். அடுத்த சனிக்கிழமை நோட்டுப் புத்தகத்தை வகுப்புக்குக் கொடுத்தனுப்புங்கள். அவளே படித்துக் காட்ட விரும்பினால் முதல் இடம் அவளுக்கு.